வகாஷி செய்யக் கற்று, அதைத் தேநீரோடு சாப்பிடுவது எப்படி

ஜப்பான் போகிறவர்களில் பலர் தேநீர்ச் சடங்கை ஒரு நாளிலும் வகாஷி என்ற ஜப்பானிய மரபு இனிப்பு செய்யும் வகுப்பை இன்னொரு நாளிலும் தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள். முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில், இனிப்பு முதலில், தேநீர் அடுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சடங்கில் கொடுக்கும் அந்தச் சின்ன இனிப்பு, தேநீருக்காகவே செய்யப்படுவது. அதில் ஏன் இவ்வளவு சர்க்கரை, ஏன் இரண்டு மூன்று வாயில் தீர்ந்துபோகிற அளவு, ஏன் தேநீர் வாயில் படுவதற்கு முன்பே அதை முடிக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம், உங்கள் கையால் ஒன்றைச் செய்து தின்றுவிட்டு அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே மாட்சா என்ற, பொடியில் அடிக்கும் கசப்பான பச்சைத் தேநீரைக் குடித்தால் யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

கற்றுக்கொள்ள நான் சொல்லும் ஊர் கியோட்டோ. தேநீர்ச் சடங்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த சென் நோ ரிக்யூ (1522–1591) வழி வந்த மூன்று குடும்பங்களும், அதாவது ஒமோதெசென்கே, உராசென்கே, முஷாகோஜிசென்கே, அங்கேதான் இருக்கின்றன. அவர்களுக்கு இனிப்பு செய்துகொடுத்தே வளர்ந்த பழைய கடைகளும் அங்கே உண்டு. அவற்றில் சில, வெளியாட்களுக்கு வகுப்பும் எடுக்கின்றன. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும், மூன்று நான்கு இனிப்புகள் செய்வீர்கள், கடைசியில் ஒன்றை மாட்சாவோடு அங்கேயே சாப்பிட்டுவிட்டு மற்றதைப் பெட்டியில் எடுத்துப்போகலாம். செர்ரி பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்திலும், மேப்பிள் இலை சிவக்கும் நவம்பரிலும் கூட்டம் அதிகம், அதனால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆசிரியரின் கையைப் பார்த்தே செய்துவிடலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் நிம்மதியாகப் போகலாம். வகாஷியின் அடிப்படை பயறு, அரிசி மாவு, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கன்தென் ஆகியவைதான். வெண்ணெய், பால் எல்லாம் மரபில் கிடையாது. காஸுதெரா கேக் மாதிரி சிலவற்றில் முட்டை உண்டு என்பதால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வகுப்பில் பெரும்பாலும் செய்யச் சொல்வது நெரிகிரி. வெள்ளை பீன்ஸ் பூரணத்தில் கொஞ்சம் ஒட்டரிசி மாவுக் களி சேர்த்துப் பிசைந்து, நிறம் ஏற்றி, உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம் வைத்து, பூவாகவோ இலையாகவோ வடிவமைப்பது. மாவு தயாராகவே வந்துவிடும், உங்கள் வேலை வடிவம் மட்டும். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான் வரும்: உள்ளங்கைச் சூடு. கையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தால் மாவு வெடிக்கும், இல்லையென்றால் ஒட்டும். அதனால் பக்கத்தில் ஒரு ஈரத்துணி வைத்து அடிக்கடி கையைத் துடையுங்கள், செய்யப்போகிற வடிவத்தைக் கையில் மாவை எடுப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

பூரணம் பொதிவது நம் கொழுக்கட்டை மாதிரிதான், ஆனால் திசை வேறு. மேல்மாவை உள்ளங்கையில் தட்டையாக, நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் வைத்து, நடுவில் பூரண உருண்டையை வைத்து, ஒரு கையின் விரல்களால் மெல்ல அழுத்திக்கொண்டே மறு கையால் சுற்றிச் சுற்றித் திருப்புங்கள். மாவு தானாக மேலேறி உருண்டையை மூடும். இழுத்து மூடக்கூடாது, இழுத்தால் ஒரு பக்கம் மெலிந்து உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே தெரியும். மூடிய வாய் அடிப்பக்கம் போகட்டும்.

அடுத்து கோடுகள். சங்காகு பெரா என்று மூன்று விளிம்புள்ள ஒரு மரக்கருவி கொடுப்பார்கள். ஒரு விளிம்பு கூராக இருக்கும், ஒன்று மழுங்கலாக, இன்னொன்று இரட்டைக் கோடு போடும். ஐந்து இதழ் பூவுக்கு நேராகக் கோடு இழுக்க ஆரம்பிக்காமல், முதலில் விளிம்பைச் சுற்றி ஐந்து இடத்தில் லேசாகத் தொட்டு அடையாளம் வைத்துப் பாருங்கள், இடைவெளி சமமாக இருந்தால் மட்டும் அழுத்துங்கள். ஒருமுறை விழுந்த கோட்டை அழிக்க முடியாது. இதழ் நுனி உருண்டையாக இருந்தால் அது பிளம், நுனியில் சின்ன வெட்டு இருந்தால் செர்ரி. இந்த ஒரு வெட்டுதான் பிப்ரவரியையும் ஏப்ரலையும் பிரிக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது! வகாஷியில் காலம் அவ்வளவு முக்கியம். புத்தாண்டில் ஹனாபிராமோச்சி, ஜூன் மாதம் ஹைட்ரேஞ்சா பூ வடிவம், ஜூன் 30 அன்று கியோட்டோவில் எல்லோரும் வாங்கும் முக்கோண மினாஸுகி, கோடையில் நீர்மாதிரித் தெளிந்த கன்தென் இனிப்புகள், இலையுதிர் காலத்தில் செஸ்ட்நட், கிரிசாந்தம். நீங்கள் போகும் மாதத்தில் எதைச் செய்யச் சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள், நவம்பரில் போய் செர்ரிப் பூ கேட்காதீர்கள்.

சரி, வீட்டில் முழுவதுமாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: உலர்ந்த வெள்ளை பீன்ஸை ஓர் இரவு ஊறவையுங்கள். கொதி வந்ததும் அந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், துவர்ப்பும் பச்சை வாசமும் அதோடு போய்விடும். புதுத் தண்ணீரில், விரலால் நசுக்கினால் குழையும்வரை வேகவிட்டு, சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்குங்கள். கிடைத்த கூழில் நிறைய தண்ணீர் ஊற்றி அடியில் படிய விட்டு, மேல்நீரை வடித்து, இதையே இரண்டு மூன்று முறை செய்து, துணியில் கட்டி இறுக்கிப் பிழியுங்கள். இந்தக் கழுவும் வேலையைச் சுருக்கினால் பூரணம் வழவழப்பாக வராது, பீன்ஸ் வாசமும் நிற்கும், அதனால் பொறுமை இங்கேதான் தேவை. பிழிந்த மாவு 100 கிராமுக்கு 60 கிராம் சர்க்கரை, கரையும் அளவு தண்ணீர், அடிகனமான பாத்திரத்தில் போட்டு, மரக்கரண்டியால் கிளறினால் தடம் மூடாமல் நிற்கும்வரை வற்றவிடுங்கள். இதுதான் ஷிரோஆன். உள்ளே வைக்கும் சிவப்புப் பூரணம் அஸுகி பயறில் இதே வழி. கடையில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை.

நெரிகிரிக்கு 300 கிராம் ஷிரோஆனை நான்ஸ்டிக் வாணலியில் இன்னும் உலர்த்துங்கள். மேலே வெண்மையாகப் பூத்து, கையின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாமல் இருக்க வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் 10 கிராம் ஷிரதமாகோ மாவில் 20 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, 20 கிராம் சர்க்கரை சேர்த்து, கண்ணாடி மாதிரி பளபளக்கும்வரை கிளறினால் க்யூஹி என்ற களி கிடைக்கும். ஷிரதமாகோ கிடைக்காவிட்டால் வேறு ஒட்டரிசி மாவு போதும், சாதாரண அரிசி மாவு வேலைக்கு ஆகாது. இரண்டையும் சூட்டில் கலந்து, ஈரத்துணியில் கொட்டி, சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்து ஆறவிடுங்கள், சேர்த்துப் பிசையுங்கள், மறுபடி பிய்த்துப் போடுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் மாவு வெளுத்து, பட்டுப்போல ஆகும். அப்புறம் நிறம்: சாயத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டுச் சொட்டாக, போதும் என்று தோன்றுவதற்கு முன்பே நிறுத்துங்கள். மேல்மாவு 25 கிராம், உள்ளே 15 கிராம், பத்து இனிப்பு வரும். அன்றே சாப்பிட வேண்டியவை இவை. காற்றுப்பட்டால் மேலே காய்ந்து விரிசல் விடும்.

இனி தேநீர் அறை. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள், கிண்ணத்தில் கீறல் விழக்கூடாது என்பதற்காக. வாசனைத் திரவியம் வேண்டாம், வெள்ளைக் காலுறை வேண்டும். நிலைப்படியையும், ததாமிப் பாயின் துணி விளிம்பையும் மிதிக்காமல் நடங்கள். உள்ளே போனதும் தோகோனோமா மாடத்தில் தொங்கும் எழுத்துச் சுருளையும் பூவையும் நிதானமாகப் பாருங்கள், அன்றைய விருந்தினருக்கென்று யோசித்துத் தேர்ந்தெடுத்தவை அவை. மண்டியிட்டு உட்கார முடியாவிட்டால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நாற்காலியில் அமர்ந்து செய்யும் ர்யூரெய் முறை 1872-இலேயே, கியோட்டோ கண்காட்சிக்காக உராசென்கேயின் 11-ஆம் தலைவர் கென்கென்சாய் உருவாக்கியது. அதில் உட்காருவது மரியாதைக் குறைவு இல்லை.

இனிப்புத் தட்டு வந்ததும், அடுத்து இருப்பவரிடம் "ஒஸாகி நி" என்று லேசாகக் குனியுங்கள். 'உங்களுக்கு முன் எடுத்துக்கொள்கிறேன்' என்று பொருள். காய்ஷி என்ற மடித்த காகிதத்தில் இனிப்பை எடுத்து வைத்து, குரோமோஜி என்ற சின்ன மரக்குச்சியால் இரண்டு மூன்றாக வெட்டி, முழுவதும் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று பாதியைத் தேநீருக்கு மிச்சம் வைக்காதீர்கள். தேநீர் வந்தபின் கையில் கிண்ணம் மட்டும் இருக்க வேண்டும்.

கிண்ணம் உங்கள் முன் வந்ததும் "ஒதெமயே சோதாய் இதாஷிமாஸு" (நீங்கள் செய்த தேநீரைப் பெற்றுக்கொள்கிறேன்) என்று சொல்லி, இடது உள்ளங்கையில் வைத்து வலது கையால் பிடித்து, நன்றியோடு சற்று உயர்த்துங்கள். கிண்ணத்தின் முகப்பு உங்களைப் பார்த்திருக்கும். அந்த அழகான பக்கத்தில் வாய் வைக்காமல் இருக்க, உராசென்கே முறையில் கடிகாரச் சுற்றாக இரண்டு முறை சற்றே திருப்புவார்கள். இரண்டு மூன்று மடக்கில் குடித்து, கடைசி மடக்கைச் சத்தம் கேட்க உறிஞ்சலாம், முடித்துவிட்டேன் என்று அதுவே சொல்லிவிடும். வாய் பட்ட இடத்தை விரலால் துடைத்து, விரலைக் காய்ஷியில் துடைத்து, கிண்ணத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கீழே வையுங்கள். அப்புறம் கிண்ணத்தைப் பாருங்கள், ஆனால் உயரத் தூக்காமல், முழங்கையை முழங்கால் அருகே வைத்துத் தாழ்வாக.

வீட்டில் மாட்சா அடிக்க 2 கிராம் பொடியைச் சலித்து, 80 டிகிரி அளவு சூடான தண்ணீர் 70 மில்லி ஊற்றுங்கள். கொதிநீர் ஊற்றினால் கசப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். சாசென் என்ற மூங்கில் மத்தை முதலில் வெந்நீரில் நனைத்தால் நுனி ஒடியாது. வட்டமாகக் கலக்காமல், மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னும் வேகமாக அடியுங்கள். உராசென்கேயில் மேல் முழுக்க நுரை வேண்டும், ஒமோதெசென்கேயில் கொஞ்சம்தான், உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்.

முதல் தடவை ஒரே ஒருவரை மட்டும் அழையுங்கள். அவர் இனிப்பைச் சாப்பிட ஆரம்பித்ததும் நீங்கள் அடிக்க ஆரம்பித்தால், அவர் கடைசித் துண்டை விழுங்கும்போது கிண்ணம் தயாராக இருக்கும். வகாஷிக்குப் பருவத்தை ஒட்டி ஒரு பெயர் வைப்பது வழக்கம், 'ஹாட்சுயுகி' என்றால் முதல் பனி. நீங்கள் செய்ததற்கும் ஒரு பெயர் யோசித்து வைத்திருங்கள், விருந்தினர் கேட்கும்போது சொல்வதற்கு.