ஹிஸ்டரி தேதியெல்லாம் மறக்காம இருக்க நான் படிக்கிற முறை

குரூப் 4, குரூப் 2 படிக்கிற நிறைய பேருக்கு ஹிஸ்டரின்னாலே தேதிதான் பயம். கைடுல இருக்குற டேபிளை காலைல ஒப்பிச்சா சாயங்காலம் போயிரும், ஏன்னா அதுல வருஷம் மட்டும்தான் இருக்கு, காரணம் இல்ல. அதனால டேபிளை மூடி வெச்சிட்டு ஒரே ஒரு தேதியை எடுங்க, ஏன் இந்த நாள்னு கேளுங்க.

ஏப்ரல் 6, ஏப்ரல் 13 இந்த ரெண்டையும் எடுத்துக்கலாம். 1919ல, விசாரணை இல்லாமலே ஜெயில்ல போடலாம்ங்கிற ரௌலட் சட்டத்தை எதிர்த்து காந்தி நாடு பூரா ஹர்த்தால் பண்ணச் சொன்னது ஏப்ரல் 6. ஒரே வாரத்துல, ஏப்ரல் 13 பைசாகி பண்டிகை அன்னிக்கு அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாக்ல கூடியிருந்த ஜனங்களை ஜெனரல் டயர் சுட வெச்சான். அப்புறம் வருஷா வருஷம் 6லேர்ந்து 13 வரைக்கும் தேசிய வாரம்னு காங்கிரஸ்காரங்க அனுசரிச்சாங்க. இப்ப 1930க்கு வாங்க, மார்ச் 12 சபர்மதில கிளம்புன காந்தி ஏப்ரல் 5 தண்டி போய் சேந்துட்டாரு, ஆனா உப்பை எடுத்தது மறுநாள், அதே ஏப்ரல் 6! நம்ம ராஜாஜி திருச்சிலேர்ந்து வேதாரண்யத்துக்கு நடக்க ஆரம்பிச்சது அதே ஏப்ரல் 13, அங்க உப்பு அள்ளுனது ஏப்ரல் 30. முதல் தடவை இது புரிஞ்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, செத்தவங்க நினைவு நாள்ல நடக்க ஆரம்பிச்சிருக்காங்க. இனிமே இது மறக்குமா சொல்லுங்க.

அடுத்து நோட்டுல ஒரு பக்கத்தை நடுவுல மடிச்சு இடது பக்கம் வருஷம், வலது பக்கம் "அதனால என்ன ஆச்சு"ன்னு மட்டும் எழுதுங்க. 1927ல இந்திய ஆட்சிமுறையை ஆராய சைமன் கமிஷன் போட்டாங்க, ஏழு பேர்ல ஒரு இந்தியர் கூட இல்ல, அதனால 1928ல வந்தப்ப கறுப்புக் கொடி, லாகூர் போராட்டத்துல லாலா லஜபதி ராய்க்கு தடியடி, நவம்பர் 17 இறந்துட்டாரு, சரியா ஒரு மாசத்துல அதுக்குப் பழியா டிசம்பர் 17 போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் சுடப்பட்டான், அந்த வழக்குலதான் 1931 மார்ச் 23 பகத்சிங், ராஜகுரு, சுகதேவுக்கு தூக்கு. ஒரு நூலை இழுத்தா மொத்தமும் வந்துரும். வைஸ்ராய் இர்வினோட காந்தி போட்ட காந்தி இர்வின் ஒப்பந்தம் அதுக்கு 18 நாள் முன்னாடி, மார்ச் 5, ஆனாலும் தூக்கு நிக்கல. அந்த இடைவெளியை நோட்டுல குறிச்சு வைங்க, அன்னிக்கு ஜனங்களுக்கு எவ்ளோ கோவம் இருந்திருக்கும்னு அதுலயே தெரியும்.

குழப்புற ஜோடிகளை தனியா வெக்காம சேத்தே படிங்க. 1757 பிளாசி, 1764 பக்சார், 1765 திவானி, அதாவது கம்பெனிக்காரங்க முதல்ல வங்காள நவாபை மாத்துனாங்க, அப்புறம் எதிர்த்தவங்களை அடிச்சாங்க, கடைசில வரி வசூலே கைக்கு வந்துருச்சு. வங்கப் பிரிவினை 1905, ரத்து பண்ணது 1911 டெல்லி தர்பார், தலைநகரை கல்கத்தாலேர்ந்து மாத்துற அறிவிப்பும் அதே மேடைல.

வேலூர் சிப்பாய் புரட்சியை மட்டும் தயவுசெஞ்சு ஒரு வரில தாண்டிராதீங்க. 1806 ஜூலை 10, புதுத் தலைப்பாகை போடு, நெத்தில குறி வெக்காதன்னு உத்தரவு போட்டதுல கெளம்புன தீ, கோட்டைக்குள்ள திப்புவோட பசங்க இருந்தாங்க, ஆற்காட்டுலேர்ந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து அடக்குனான். பெரிய சிப்பாய் புரட்சி மீரட்ல வெடிச்சது 1857 மே 10, ரெண்டுமே 10ஆம் தேதி, இடைல 51 வருஷம். அங்க தோட்டால தடவுன மாடு, பன்னிக் கொழுப்பு, இங்க தலைப்பாகை, ரெண்டு எடத்துலயும் சிப்பாயோட நம்பிக்கைலதான் கை வெச்சாங்க.

ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி வெறும் பேப்பர்ல புக்கு பாக்காம எழுதுங்க, விட்டுப்போனதை சிவப்பு பேனால நிரப்புங்க, மறுநாள் அந்த சிவப்பை மட்டும் பாத்தா போதும். இன்னிக்கே ஜனவரி 26ஐ வெச்சு ஆரம்பிங்க, 1949 நவம்பர் 26லயே அரசியலமைப்பை ஏத்துக்கிட்டாங்க, அப்புறம் ஏன் ரெண்டு மாசம் காத்திருந்தாங்க? 1929 டிசம்பர் லாகூர் காங்கிரஸ்லேர்ந்து நூலைப் பிடிங்க, 1930 ஜனவரி 26 முழு சுதந்திர நாள்ல வந்து நிக்கும்.