பார்ட்ஸ் மாற்றிய பழைய பாணி பேஸ் கிட்டாரை விற்பது எப்படி?

பேஸ் கிட்டாரை முதல் முறை விற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஸ்குவையர் (ஃபெண்டர் கம்பெனியின் விலை குறைந்த பிராண்ட்) கிளாசிக் வைப் 60ஸ் ஜாஸ் பேஸ். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்), பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), ட்யூனிங் கீ எல்லாம் மாற்றிய ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. அது என்ன என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்

ஜாஸ் பேஸை ஃபெண்டர் 1960-இல் கொண்டுவந்தது. 1965-இல் நிறுவனம் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போவதற்கு முன் செய்தவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள், அவற்றின் விலையே வேறு. உங்களுடையது அந்தத் தோற்றத்தில் இப்போது செய்த கருவி. அதனால் தலைப்பில் வெறும் 'விண்டேஜ்' என்று போடாதீர்கள். கம்பெனி, மாடல், தயாரான நாடு, தெரிந்தால் வருடம், அப்புறம் 'பார்ட்ஸ் மாற்றியது', இவ்வளவு போதும். ஹெட்ஸ்டாக்கில் (ட்யூனிங் கீ இருக்கும் தலைப்பகுதி) ஸ்குவையர் பெயரை எடுத்துவிட்டு ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று, அதில் இரண்டு பேச்சே இல்லை.

2. மாற்றியதை இரண்டாகப் பிரியுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. பழையபடி திருப்பக்கூடியது ஒரு பக்கம்: பிக்கப், பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோல்), ஜாக் (கேபிள் சொருகும் இடம்), பிக்கார்டு (முன்பக்கத் தகடு), அதே ஐந்து திருகு ஓட்டைகளில் உட்காரும் கோட்டோ 201 போன்ற பிரிட்ஜ். திருப்ப முடியாதது இன்னொரு பக்கம்: புதிதாகப் போட்ட ஓட்டை, ப்ரீஆம்ப் (கருவிக்குள் வைக்கும் சிறு சத்தப்பெருக்கி) பேட்டரிக்காகக் குடைந்த மரம், மாற்றி அடித்த பெயின்ட். முதல் வகை விலையைக் கொஞ்சம் ஏற்றும். இரண்டாவது வகை, எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும், பெரும்பாலும் இறக்கத்தான் செய்யும்.

கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் வீட்டில் இருக்கிறதா? தேடி எடுங்கள். இருந்தால் இரண்டு வழி உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து விற்கலாம். அல்லது பேஸைப் பழையபடி ஆக்கிவிட்டு, சீமோர் டங்கன், ஃப்ராலின் மாதிரி பெயருள்ள பிக்கப்பைத் தனியாக விற்கலாம். சால்டரிங் பழக்கம் இருந்தால் இரண்டாவதில்தான் கையில் அதிகம் நிற்கும்.

3. விலை

மாற்றாத அதே மாடல் எவ்வளவுக்கு விற்றுப்போயிருக்கிறது என்று ரிவெர்ப் போன்ற தளங்களில் பாருங்கள். கேட்கும் விலையை விடுங்கள், விற்ற விலைதான் கணக்கு. அது 40,000 ரூபாய், நீங்கள் போட்ட பாகங்கள் 25,000 ரூபாய் என்றால் 65,000 கேட்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள். பாகங்களின் விலையில் மூன்றில் ஒரு பங்கு திரும்பினாலே நல்லது என்பது என் கணக்கு, அதாவது 48,000 பக்கம். உங்கள் காதுக்காக மாற்றிய சத்தத்துக்கு அடுத்தவர் முழுக் காசு தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

4. சோதித்துப் பார்த்து, செட்டப் செய்யுங்கள்

ஆம்பில் சொருகி இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். வழக்கமான சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) ஜாஸ் பிக்கப் ஜோடி என்றால் இரைச்சல் அடங்கவேண்டும், ஏனென்றால் ஒன்று மற்றதற்கு எதிர்த்திசையில் சுற்றப்பட்டது. அடங்காமல் இரைந்தாலோ, இரண்டும் சேரும்போது சத்தம் மெலிந்துபோய் அடிக்கனம் இல்லாமல் கேட்டாலோ வயரிங்கைப் பாருங்கள், அல்லது வேறு வேறு கம்பெனி பிக்கப்பை ஜோடி சேர்த்திருப்பீர்கள். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு.

புதுக் கம்பி போட்டு, ட்ரஸ் ராடைச் (நெக்குக்குள் இருக்கும், அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) சரிபார்த்து, 17-ஆவது ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 9.5 அங்குல ரேடியஸ் (விரல் வைக்கும் பக்கத்தின் வளைவு அளவு) நெக்குக்கு ஃபெண்டர் சொல்வது தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. வாங்க வருபவர் கையில் எடுத்த முதல் நிமிடத்திலேயே முடிவு செய்துவிடுகிறார், அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

5. படங்கள்

பகல் வெளிச்சத்தில், முன்னும் பின்னும், ஹெட்ஸ்டாக், சீரியல் நம்பர், ஃப்ரெட் தேய்மானம். கீறல்களைக் கிட்டப் போய் எடுங்கள். பிக்கார்டையும் கன்ட்ரோல் தகட்டையும் கழற்றி உள்ளே உள்ள சால்டரிங்கை ஒரு படம் எடுத்துப் போட்டால், விவரம் தெரிந்தவர்கள் அதை வைத்தே நம்பி வருவார்கள். பாகங்கள் வாங்கிய பில் இருந்தால் அதையும் சேருங்கள்.

6. பார்சல்

நேரில் விற்பதுதான் நல்லது. அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ஹார்ட் கேஸ், அதைச் சுற்றி அட்டைப்பெட்டி. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் வையுங்கள். நெக்குக்கு அடியில் முட்டுக்கொடுத்து, ஹெட்ஸ்டாக் எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்த இடம்தான். நெக்கைக் கழற்றி அனுப்பச் சிலர் சொல்வார்கள். வாங்குபவர் புதியவர் என்றால் வேண்டாம், மரத்தில் திருகு ஓட்டை தேய்ந்துபோகலாம்.

பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு, எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து கேஸுக்குள் வைத்துவிடுங்கள். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்தபிறகு அனுப்புங்கள்.