பாலடினுக்குச் சத்தியம் எழுதும்போது

"நான் பாலடின் எடுத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால், எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து, பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஆறு வருடமாக நடத்துகிறேன். எங்களுக்குள் வந்த பெரிய சண்டைகள் இரண்டுமே பாலடினால் வந்தவை. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த கேரக்டர் அதுதான். கடவுளுக்கோ ஒரு கொள்கைக்கோ வாக்குக் கொடுத்து, அந்த வாக்கிலிருந்தே பலம் பெறுகிற போர்வீரன். வாக்கை ஒழுங்காக எழுதிவிட்டால், பாலடின் இருக்கும் ஆட்டத்துக்கு ஈடே கிடையாது.

முதல் சண்டையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். கதையில், காட்டுப் பாதையில் எங்களைத் தாக்கிய கோப்ளின் (குட்டி அரக்கர்கள்) கும்பலில் மூன்று பேர் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். எங்கள் ரோக் (திருட்டுத் திறமை உள்ள கேரக்டர்) அவர்களை மிரட்டி, முகாம் எங்கே என்று கேட்கப் போனாள். பாலடினாக ஆடிய என் தம்பி, "என் சத்தியம் இதை அனுமதிக்காது" என்று குறுக்கே நின்றான். சரி, அப்படியென்றால் இவர்களை என்னதான் செய்வது? அதற்கு அவனிடம் பதில் இல்லை. ஒன்றரை மணி நேரம் அதே இடத்தில் வாதம். ரோக்காக ஆடிய தோழி டைஸை டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் ஒரு தவறு செய்தேன். அடுத்த வாரம், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், தம்பியின் சக்திகளைப் பறித்துவிட்டேன்.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய விதிகளும் ஒரு காரணம். 1975-ல் கிரேஹாக் என்ற துணைப் புத்தகத்தில் பாலடின் முதலில் வந்தபோது, கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சிக்கான எண்) குறைந்தது 17 இருக்க வேண்டும். மூன்று பகடை உருட்டினால் விழக்கூடிய 216 விதங்களில் நான்கில்தான் அது கிடைக்கும். அவ்வளவு அரிதாகக் கிடைத்ததை ஒரே ஒரு தவறான செயலால் நிரந்தரமாக இழக்கவும் முடியும். 1978-ன் விதிப்புத்தகம் பத்து மந்திரப் பொருள்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானம் கொடுக்கச் சொன்னது. தெரிந்தே தீமை செய்தால் அவன் அதற்குப் பிறகு வெறும் போர்வீரன்தான். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு பொய், ஏமாற்று, விஷம் மூன்றையும் வெளிப்படையாகத் தடுத்ததோடு, தீயவர்களோடு சேர்ந்து பயணம் செய்யவும் கூடாது என்றது. அந்தக் கடைசி விதியால்தான் பாலடின்கள் கூட வருபவர்களை வேவு பார்க்க ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன். 2014-ன் ஐந்தாம் பதிப்பில் நிலைமை வேறு. 'லாஃபுல் குட்' (ஒழுங்கை மதிக்கும் நல்லவன்) என்ற குணம் கட்டாயம் இல்லை. மூன்றாம் லெவலில் நீங்களே ஒரு சத்தியத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆகவே எந்தப் பதிப்பு என்பதை முதலில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

இனி எழுதும் வேலை. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆனால் எங்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுவார். உப்புப் பார்க்க முடியாது என்பதால் என்னைக் கூப்பிட்டு ருசிக்கச் சொல்வார். "நான் விரதம், அதனால் வீட்டில் அடுப்பு எரியாது" என்று ஒருநாளும் சொன்னதில்லை. நோன்பு நோற்பவரைத்தான் கட்டும், பக்கத்தில் இருப்பவரை அல்ல. பாலடினின் சத்தியமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

தம்பி முதலில் எழுதியிருந்தது: "என் முன்னால் யாரும் பொய் சொல்லக் கூடாது." அதை அடித்துவிட்டு, "நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று எழுதச் சொன்னேன். ஒவ்வொரு வரியும் 'நான்' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். 'யாரும்', 'எவரும்' என்று வந்தால் அது சத்தியம் இல்லை, மற்றவர்களுக்குப் போடும் சட்டம்.

புத்தகத்தில் இருப்பதை அப்படியே நகல் எடுக்கவும் வேண்டாம். 2014 புத்தகத்தின் 'டிவோஷன்' (பக்தி) சத்தியத்தில் நேர்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை என்று ஐந்து உண்டு. ஐந்தும் நல்ல சொற்கள், ஆனால் கோப்ளின் மண்டியிட்டு நிற்கும்போது 'இரக்கம்' என்ற சொல் வழி சொல்லாது. "நான் சரணடைந்தவரைத் தொட மாட்டேன்" என்ற வரி சொல்லும். தமிழில் எழுதுவதையே நான் வற்புறுத்துகிறேன். ஆங்கிலத்தில் 'ஓத்' என்பது எங்களுக்கு ஒரு விளையாட்டுச் சொல். தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணி வளர்ந்தவர்களுக்கு, 'சத்தியம்' என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் வேண்டும்.

மூன்று வரி போதும். ஆனால் எது முதலில், எது அடுத்து என்ற வரிசை முக்கியம். பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின், 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பில் இதற்கு அருமையான ஏற்பாடு இருக்கிறது. இரண்டு விதிகள் மோதினால் மேலே இருப்பதே வெல்லும். கோவிலில் ஒளிந்திருக்கும் அப்பாவிகளைக் கொல்லத் தேடிவரும் கொடுங்கோல் அரசனிடம் பொய் சொல்லலாமா? சொல்லலாம், பொய் சொல்லாமையைவிட அப்பாவிகளைக் காப்பது மேலே இருக்கிறது. இந்த வரிசையை முன்பே எழுதிவைத்தால் ஒன்றரை மணி நேர வாதம் ஒரு நிமிடத்தில் முடியும்.

அதே 2014 புத்தகத்தின் 'வெஞ்சன்ஸ்' (பழிவாங்கல்) சத்தியம் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தீயவருக்கு இரக்கம் இல்லை, எந்த வழியிலும் முடிப்பேன் என்ற வரிகள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எதிரி அழித்ததற்கு நானும் பொறுப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு நான் உதவ வேண்டும் என்றும் அதே சத்தியத்தில் ஒரு வரி இருக்கிறது. பழிவாங்கிய பிறகு எரிந்துபோன கிராமத்துக்குத் திரும்பிப் போய்க் கூரை வேயாத பாலடின் பாதி சத்தியத்தைத்தான் காப்பாற்றியிருக்கிறான்.

எழுதியதை டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) காட்டி இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த உலகத்தில் கோப்ளின்களுக்குக் குடும்பம், குழந்தை உண்டா? கைதியை ஒப்படைக்க ஊரில் நீதிமன்றமோ சிறையோ இருக்கிறதா? இது தெரியாமல் நல்லவனாக ஆட முடியாது.

டிஎம்முக்கும் ஒரு வேண்டுகோள். சத்தியம் முறியப்போகும் இடத்தில் நிறுத்தி, "இதைச் செய்தால் முறியும், செய்கிறாயா?" என்று கேளுங்கள். எந்தப் பக்கம் போனாலும் பாவம் என்ற பொறியை வைக்காதீர்கள். முறிந்தால் திரும்பி வரவும் வழி கொடுங்கள். ஐந்தாம் பதிப்பே பாவமன்னிப்பு, இரவு முழுக்கக் கண்விழித்துப் பிரார்த்தனை, உண்ணாநோன்பு என்று வழி சொல்கிறது.

போன வருடம் மறுபடியும் ஒரு கைதி வந்தான், கொள்ளைக்காரன். தம்பியின் பாலடின் அப்போது நான்காம் லெவல். யாரையும் தடுக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தன் உணவைக் கைதிக்குக் கொடுத்துவிட்டு, "காவல் என் பொறுப்பு, நீங்க தூங்குங்க" என்றான். இரவு முழுக்க விழித்திருந்ததால், செலவான சக்திகளை மீட்டுத்தரும் நீள் ஓய்வு அவனுக்குக் கிடைக்கவில்லை. காயம் ஆற்றும் 20 புள்ளியில் மீதமிருந்த மூன்றோடுதான் மறுநாள் சண்டைக்குப் போனான். அடுத்த இரவு, அதே ரோக் தோழி தானாகவே முன்வந்து, "இன்னைக்கு நான் முழிச்சிருக்கேன்" என்றாள்.

தம்பியின் கேரக்டர் ஷீட்டின் (கேரக்டர் விவரத் தாளின்) பின்பக்கத்தில் இப்போது இருப்பது இவ்வளவுதான். நான் இருக்கும்வரை எளியவரை அடிக்க விடமாட்டேன். நான் சரணடைந்தவரைத் தொட மாட்டேன். நான் பொய் சொல்ல மாட்டேன். நான்காவதாக ஒரு வரியைப் பென்சிலில் எழுதி அழித்திருக்கிறான். என்னவென்று கேட்டேன். "அக்கா, அது இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றான்.