நிழலில் இருநிற இலைச் செடிகள்: சென்னைத் தோட்டங்களில் நடக்கும் தவறுகள்

வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே நாலடிச் சந்து. பூச்செடி எதுவும் அங்கே தேறாது. வெள்ளையும் பச்சையும் கலந்த இலையாவது அந்த இடத்தைத் தூக்கிக் காட்டட்டும் என்று நர்சரியில் 'வேரிகேட்டட்' செடிகளை வாங்கி வைக்கிறோம். நல்ல யோசனைதான். ஆனால் இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, இருந்தாலும் மிகக் குறைவு. மொத்தச் செடிக்கும் சோறு பொங்குவது மிச்சமிருக்கும் பச்சைப் பகுதிதான். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

முழுப் பச்சைச் செடி தாங்கும் இருட்டை இது தாங்காது. பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடியாத மூலையில் வைக்காதீர்கள். குரோட்டன்ஸை நிழலில் வைப்பதும் வீண். நிறம் மங்கும், கீழ் இலைகள் கொட்டும். மஞ்சள் டுராண்டாவும் பச்சையாகிவிடும். செஃப்லெரா, சாங் ஆஃப் இந்தியா, வெள்ளை விளிம்பு அராலியா ஆகியவை மர நிழலில் வடிந்து வரும் வெளிச்சத்துக்கே நன்றாக வரும்.

அடுத்தது, பலரும் கவனிக்காத விஷயம். டிசம்பரில் வீட்டின் வடக்குப் பக்கம் குளுகுளுவென்று இருக்கும். அதை நம்பிச் செடி நடுவோம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிச் சூரியன் சற்று வடக்கே நிற்கும். ஆக, அக்னி நட்சத்திரத்தில் அந்தச் சந்திலேயே நேர் வெயில் இறங்கும். முதலில் கருகுவது வெள்ளை விளிம்புதான். பழுப்பேறி, காகிதம்போல் நொறுங்கும். வடக்குப் பக்கம் நட்டிருந்தால் ஏப்ரலிலேயே நிழல்வலை கட்டிவிடுங்கள். தொட்டி என்றால் நகர்த்தினாலே போதும்.

செடியின் நடுவே திடீரென்று ஒரு கிளை முழுப் பச்சையாகக் கிளம்பும். "செழிப்பா வருதே" என்று விட்டுவிடுவார்கள். விடவே கூடாது. பச்சையம் அதிகம் என்பதால் அது மற்ற கிளைகளை முந்தி வளரும்; நாளடைவில் செடி முழுக்கப் பச்சையாகிவிடும். நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் மறுபடி துளிர்க்கும். கிளை பிரியும் அடிக்கணுவோடு சேர்த்து வெட்டி எடுங்கள்.

தண்ணீரில் கை கொஞ்சம் அடக்கமாக இருக்கட்டும். நிழலில் மண் மெதுவாகத்தான் காயும், அதிலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேர் அழுகிவிடும். விரலை ஓரங்குலம் விட்டுப் பார்த்து, ஈரமில்லை என்றால் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சாங் ஆஃப் இந்தியாவின் இலை நுனிகள் கருகும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

யூரியா போட்டு வேகமாக வளர்க்கப் பார்ப்பவர்கள் இளந்துளிரில் மாவுப்பூச்சியைத்தான் அழைக்கிறார்கள். கொஞ்சம் மண்புழு உரம் போதும்.

குச்சி வெட்டி நட வெள்ளை வெளேர் என்ற கிளையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தாய்ச்செடியில் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். இரண்டு நிறமும் கலந்த குச்சியை நடுங்கள்.