ஓய்ந்த கேலக்ஸிகளின் வாயுவை அயனியாக்குவது எது? நிறமாலை படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக ஸ்லோன் வான் ஆய்வின் நிறமாலைகளை இறக்கிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது. விண்மீன் பிறப்பு ஓய்ந்துபோன கேலக்ஸிகளிலும் ஏறத்தாழ 10,000 கெல்வினில் அயனி வாயு உண்டு. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இளம் விண்மீன்கள் இல்லாத இடத்தில் அதை யார் தருகிறார்கள்?

மையத்தில் உள்ள பெரிய கருந்துளைதான் என்று உடனே எழுதிவிடுவது முதல் தவறு. பெரிய தவறும் இதுவே. நிறமாலையில் நைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்கள் உமிழும் வரிகளை ஹைட்ரஜன் வரிகளோடு ஒப்பிட்டு, 1981இல் பால்ட்வின், பிலிப்ஸ், டெர்லெவிச் வகுத்த வரைபடத்தில் புள்ளி வைத்தால், இந்தக் கேலக்ஸிகள் 'லைனர்' பகுதியில் (குறைந்த அயனியாக்க வரிகள் மேலோங்கும் பகுதியில்) விழும். அந்த விகிதம் கதிர்வீச்சு எவ்வளவு ஆற்றல் மிக்கது என்பதைத்தான் சொல்லும். எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாது. சூரியனைப் போன்ற விண்மீன் தன் வெளியுறையை உதறிவிட்டு வெண்குள்ளனாக ஒடுங்குமுன், அதன் மேற்பரப்பு 1,00,000 கெல்வினையும் தாண்டும். அப்படிப்பட்ட கிழ விண்மீன்கள் கேலக்ஸி முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. நாட்டுக்கோட்டை வீட்டு வளவைச் சுற்றிப் பத்திகளில் வரிசையாக அகல் எரிய, தெருவில் நின்று பார்ப்பவர் உள்ளே ஒரே பெரிய விளக்கு இருப்பதாக நினைப்பது போலத்தான் இந்தக் குழப்பம்.

இதைப் பிரித்தறிய ஹைட்ரஜன் ஆல்ஃபா வரியின் சமான அகலத்தை, அதாவது வரியின் ஒளியைப் பின்னணித் தொடர் ஒளியால் வகுத்த அளவைப் பாருங்கள். அயனியாக்கும் ஒளி, பின்னணி ஒளி இரண்டுமே அதே முதிய விண்மீன்களிடமிருந்து வருவதால், இந்த அகலம் பெரும்பாலும் 0.5 முதல் 3 ஆங்ஸ்ட்ரம் (அலைநீள அலகு) வரைதான் இருக்கும். ஓய்ந்த கேலக்ஸிகளையும் கருந்துளை ஒளிரும் கேலக்ஸிகளையும் பிரிக்க, சிட் ஃபெர்னான்டஸ் குழு 2011இல் 3 ஆங்ஸ்ட்ரமை எல்லையாக வைத்தது. அதற்குக் கீழே இருந்தால் கருந்துளையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்; மங்கலான ஒன்று மையத்தில் ஒளிந்திருக்கலாம்.

கேலக்ஸியின் ஒளியை வாங்கும் ஸ்லோன் ஒளியிழையின் விட்டம் வானில் 3 வில்நொடி. சிவப்புப்பெயர்ச்சி 0.1 தொலைவில் உள்ள கேலக்ஸியில் அது சுமார் 5.5 கிலோபார்செக் அகலத்தை மூடும். அதை 'மையம்' என்று எழுதக் கூடாது. கேலக்ஸியின் ஒவ்வோர் இடத்துக்கும் தனி நிறமாலை தரும் ஸ்லோனின் மங்கா ஆய்வுத் தரவில் சமான அகலம் வெளிப்புறம் வரை சமமாக நீண்டால், ஒற்றை மைய மூலத்தை வைத்து அதை விளக்குவது கடினம்.

விண்மீன் ஒளியைக் கழிப்பதில்தான் கணக்கு அதிகம் கெடுகிறது. ஆல்ஃபா வரியின் சமான அகலம் 1.5 ஆங்ஸ்ட்ரம் என்றால், ஹைட்ரஜனின் பீட்டா வரிக்கு ஏறக்குறைய 0.5தான். முதிய விண்மீன்கள் அதே இடத்தில் ஒளியை விழுங்குவதால் வரும் பீட்டா உட்கவர்வரியோ சுமார் 1.5 ஆங்ஸ்ட்ரம். உமிழ்வு அதற்குள் முழுதாகப் புதைந்துவிடும். மாதிரி நிறமாலையில் 0.2 ஆங்ஸ்ட்ரம் பிசகினால் 0.5 என்பது 0.3 ஆகும், ஆக்சிஜன்-பீட்டா விகிதம் 1.7 மடங்கு ஏறும், புள்ளி வரைபடத்தில் வேறிடம் போய்விடும். ஆகவே முதலில் பிபிஎக்ஸ்எஃப் போன்ற நிரலால் விண்மீன் பகுதியைப் பொருத்திக் கழியுங்கள். பிறகு வரியை அளந்துகொள்ளுங்கள். சமான அகலம் காணும்போது, வரியின் மொத்த ஒளியை, விண்மீன் பகுதியைக் கழிப்பதற்கு முன்பிருந்த தொடர் ஒளியால் வகுக்க வேண்டும். கழித்த பின் மிஞ்சுவது பூஜ்யத்தை ஒட்டியது. அதைக் கொண்டு வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

வாயுவை அயனியாக்கக்கூடிய இன்னொன்றான அதிர்வலைகளையும் விட்டுவிடாதீர்கள். அதிர்வலை வாயுவை மோதிச் சூடாக்கும், வரியையும் அகலப்படுத்தும். 4363 ஆங்ஸ்ட்ரம் அலைநீளத்தில் வரும் ஆக்சிஜன் வரி கிடைத்தால் வாயுவின் வெப்பநிலையை நேரடியாக அளந்து இதைச் சோதிக்கலாம். ஆனால் அது மிக மெலிந்த வரி. தனியொரு கேலக்ஸியில் பெரும்பாலும் தெரியாது. ஒத்த கேலக்ஸிகள் பலவற்றின் நிறமாலைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் தலைகாட்டும்.