ஃப்ரண்ட் வீலா, ரியர் வீலா, நாலு சக்கரமுமா? எந்த டிரைவ் வாங்கலாம்

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் தார் ரோட்டில்தான் என்றால் ஃப்ரண்ட் வீல் டிரைவே, அதாவது இன்ஜின் சக்தி முன்சக்கரங்களுக்குப் போகிற வண்டியே, போதும். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே இருப்பதால் இழுக்கிற சக்கரங்கள் மேல் எடை நன்றாக விழும், மழையில் பிடிப்பு கிடைக்கும். பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்ற நீள தண்டு இல்லை, அதனால் வண்டி எடை குறையும், மைலேஜுக்கும் நல்லது. ஒரு குறை உண்டு: முழு லோடோடு ஈரமான மேட்டில் நிறுத்தி எடுத்தால் பாரம் பின்னால் சாய்ந்து முன்சக்கரம் சும்மா சுழலும்.

அங்கேதான் ரியர் வீல் டிரைவ் ஜெயிக்கும். அடிக்கடி பாரம் ஏற்றுபவர்கள், டிரெய்லர் இழுப்பவர்கள் இதைப் பாருங்கள். ஆனால் ஈரமான வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் வழுக்கும், அதனால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வழுக்கும்போது தானாகவே பிரேக் போட்டு வண்டியை நேராக்குவது) இல்லாத வண்டி வேண்டாம்.

ஆல் வீல் டிரைவும் ஃபோர் வீல் டிரைவும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் தேவையில்லாததை வாங்கிவிடுகிறார்கள். ஆல் வீலில் நீங்கள் எந்த லீவரையும் பட்டனையும் போட வேண்டாம், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி என்று வண்டியே பார்த்துக்கொள்ளும். மழை, பனி, சரளை ரோட்டுக்கு அது போதும். பார்ட் டைம் ஃபோர் வீலில், அதாவது தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில், நீங்களே லீவரையோ பட்டனையோ போட்டு எடுக்க வேண்டும். பெரும்பாலும் நடுவில் டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்) இருக்காது, அதனால் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுத் திரும்பினால் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருக்க, பின்சக்கரம் விடாமல் பிடிக்க, ஸ்டீயரிங் இறுகி டயர் தேயும். சேறு, மணல், பாறை என்று நிஜமாகவே இறங்குபவர்களுக்கு மட்டும்தான் அது. அப்படி இறங்குவீர்கள் என்றால் லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் 4எல் கியர், இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

நாலு சக்கரமும் இழுத்தால் பாதுகாப்பு என்று முழுசாக நம்பாதீர்கள். அது வண்டியைக் கிளப்பத்தான் உதவும், பிரேக் தூரத்தைக் குறைக்காது. அதற்கு நல்ல டயர்தான் வேண்டும், நாலு சக்கர டிரைவ் வாங்காமல் மிச்சமாகும் பணத்தை அதில் போடுங்கள். ஆல் வீல் வாங்கினால் நாலு டயரும் ஒரே அளவு தேய்ந்திருப்பது முக்கியம், இல்லையென்றால் உள்ளே முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கப்ளிங் சூடாகிக் கெடும்.

பழைய ஃப்ரண்ட் வீல் வண்டி என்றால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் சிவி ஜாயின்ட் (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் அதற்குச் சக்தியைக் கடத்தும் மூட்டு) போயிருக்க வாய்ப்பு அதிகம், மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.