போர்ஷே 930-ல் ஆயில் சூடு ஏறினால் எங்கிருந்து தேடுவது

930 வைத்திருப்பவர்களிடம் ஆயில் டெம்பரேச்சர் என்று பேச்செடுத்தாலே "முன்னாடி பெரிய கூலர் போட்டுடுங்க" என்ற யோசனைதான் முதலில் வரும். போடலாம், ஆனால் அது கடைசி வேலை. 1975 முதல் 1989 வரை வந்த இந்த டர்போ 911-ல் தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. பின்னால் சுற்றும் ஃபேன் ஒரு பங்கு சூட்டை எடுக்கிறது, மிச்சத்தை ஆயில் சுமக்கிறது, அதில் டர்போ பேரிங்கின் சூடும் சேர்த்தி. இந்த வரிசையில் எங்கே அடைத்தாலும் ஆயில் சூட்டைக் காட்டும் கேஜின் முள் ஏறும். எது அடைத்திருக்கிறது என்று தெரியாமல் கூலர் வாங்கினால் பணம் போகும், முள் அங்கேயே நிற்கும்.

90-லிருந்து 110 டிகிரி வரை கவலை வேண்டாம். வெயில் நேரத்து டிராஃபிக்கிலோ, கொஞ்ச நேரம் பூஸ்டில் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது) ஓட்டிய பிறகோ 120-ஐத் தொடுவதும் நடக்கும். அப்படித் தொட்டது சாதாரணமாக ஓட்டினால் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இறங்காமல் மேலேயே நின்றால் தேட ஆரம்பியுங்கள்.

முதலில் கேஜைச் சந்தேகப்படுங்கள். சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், அதனால் அதன் வயர் எங்காவது உரசி இன்சுலேஷன் போய் எஞ்சினைத் தொட்டால் முள் நேராக உச்சிக்குப் போய்விடும், ஆயில் நிஜத்தில் 90-ல்தான் இருக்கும். கேஜின் எர்த் சரியில்லை என்றாலும் முள் பொய் சொல்லும். எஞ்சின் ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றி, வயரை நீட்டி, சென்சாரின் உடம்பை இன்னொரு வயரால் எர்த் செய்து கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். 100 டிகிரிக்கு முள் எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடியில் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இனி அதுதான் உங்கள் கணக்கு. மலை ஊர் என்றால் தண்ணீர் கொஞ்சம் முன்னாடியே கொதிக்கும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆயில் அளவு. இது டிரை சம்ப் எஞ்சின், ஆயில் இருப்பது எஞ்சினுக்கு அடியில் அல்ல, வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தனி டேங்கில். வண்டி சமதரையில், நன்றாகச் சூடாகி, ஐடிலில் ஓடும்போதுதான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும், ஊற்றத் தோன்றும், ஊற்றினால் மிஞ்சியது பிரீதர் என்ற காற்றுக்குழாய் வழியாக, எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குப் போய் நீலப் புகையாக வரும்.

இனி முக்கியமான இடம். டேங்குக்குப் பக்கத்தில், வலது பின் ஃபெண்டருக்குள் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆயில் 85 டிகிரி வாக்கில் சூடானதும் அது திறந்து முன்பக்கக் கூலருக்கு வழிவிட வேண்டும். அங்கே போகும் இரண்டு குழாய்களும் வலது பக்கப் படிக்கட்டுக்கு (கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு) அடியில் ஓடி, வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூலரைச் சேர்கின்றன. 100 டிகிரிக்கு மேல் ஏறும் வரை ஓட்டிவிட்டு வந்து, முன்சக்கரத்தருகே இரண்டு குழாய்களின் சூட்டையும் அளந்து பாருங்கள். கையால் தொட வேண்டாம், சுட்டுவிடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும், ஆனால் பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், குழாயில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள்.

இரண்டுமே ஆறியிருந்தால் ஆயில் முன்னால் வரவே இல்லை: தெர்மோஸ்டாட் மூடியே சிக்கியிருக்கிறது, அல்லது குழாய் நசுங்கியிருக்கிறது. பழைய வண்டியில் இரண்டாவதுக்கு வாய்ப்பு அதிகம், யாரோ ஒருவர் ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்திருப்பார். படிக்கட்டின் கவரைக் கழற்றினால் நசுங்கல் கண்ணுக்கே தெரியும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் ஆயில் வருகிறது, காற்று வரவில்லை. கூலரின் ஃபின்னில் (மெல்லிய தகடுகளில்) இலையும் மண்ணும் அடைத்திருக்கும், ஃபேன் வைத்த மாடலாக இருந்தால் அது சுற்றாமல் இருக்கும். போவது நல்ல சூடு, திரும்புவது அதைவிடத் தெளிவாகக் குறைவு என்றால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். அலுமினிய உடம்பில் பைப் நட்டுகள் பல வருஷமாகக் கவ்விப் பிடித்திருக்கும், பலம் போட்டால் தெர்மோஸ்டாட்டின் மரை உரிந்து வந்துவிடும். துருநீக்கி ஊற்றி ஊறவிடுங்கள், கொஞ்சம் சூடாக்குங்கள், இன்னொரு ஸ்பேனரால் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால் நட்டை அறுத்துப் பைப்பைப் பலிகொடுப்பதே லாபம்.

பின்பக்கம் எஞ்சினிலேயே இன்னொரு ஆயில் கூலர் இருக்கிறது, ஃபேன் காற்றில் ஆறுவது. எங்காவது ஆயில் கசிந்து, அதன் மேல் தூசி ஒட்டினால் ஃபின்கள் சேறு பூசியதுபோல் ஆகிவிடும். ஃபேன் காற்றை எஞ்சின் மேல் திருப்பும் ஷ்ரவுடுக்கு உள்ளே எலிக்கூடு, மறந்து வைத்த துணி எல்லாம் கிடைத்த கதைகள் உண்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சினைச் சுற்றி ஓடும் ரப்பர் சீல் கிழிந்திருந்தால் கீழே எக்ஸாஸ்ட் சூடாக்கிய காற்றை ஃபேன் மறுபடி உறிஞ்சும். சின்ன விஷயம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் புல்லிக்கு நடுவில் இருக்கும் ஷிம்களை (மெல்லிய வளையத் தகடுகளை) மாற்றி இறுக்க வேண்டும். ஏசி கன்டென்சர் பின் மூடியில் இருப்பதால் ஏசி போட்டால் ஃபேனுக்குச் சூடான காற்றே போகும், சோதிக்கும்போது அதை அணைத்து வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் முள் ஏறினால் சூடு அதிகமாக உற்பத்தியாகிறது என்று அர்த்தம். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், டைமிங் லைட் வைத்துப் பாருங்கள். மிக்ஸ்சர் லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவாக இருக்கலாம்: இந்த வண்டியின் பெட்ரோல் இன்ஜெக்ஷனான கே-ஜெட்ரானிக்கில் பூஸ்ட் ஏறும்போது, பெட்ரோல் அளவை முடிவு செய்யும் கன்ட்ரோல் பிரஷர் குறைந்து பெட்ரோல் கூட வேண்டும், அது நடக்கவில்லை என்றாலோ இன்டேக்கில் காற்று கசிந்தாலோ லீன் ஆகும். லீனாகப் பூஸ்டில் ஓட்டினால் ஆயில் சூட்டைவிடப் பெரிய செலவு பிஸ்டனில் வரும், அதனால் பிரஷர் கேஜ் வைத்து அளக்கும் வரை டர்போவைச் சீண்டாமல் ஓட்டுங்கள்.